வாளி பிடித்த காற்று

கடலூரில், சிதம்பரம் சாலையோரச் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் மக்கள் அடிக்கடி கொடுத்த புகார் ஒன்றுதான்: நாற்றம். அதிகாரி வருவதற்குள் காற்று திரும்பிவிடும். எழுத எதுவும் இருக்காது.

நாற்றத்தைப் பிடித்துவைக்கும் வாளி பிறந்தது கலிஃபோர்னியாவில். 1994-ல் ரோடியோ என்ற ஊரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 16 நாள் ரசாயனக் கசிவு. ஊராருக்காக வழக்காடிய எட்வர்ட் மேஸ்ரி (எரின் பிரோக்கோவிச் படத்தில் வரும் அதே வக்கீல்தான்) மலிவான கருவி ஒன்றைச் செய்யச் சொன்னார். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே டெட்லர் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பை, ஒரு சின்ன பம்பு. பம்பு பைக்குள் காற்றை அடைக்காது. பையைச் சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும். பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். பம்பின் அழுக்கு மாதிரியில் கலக்காது என்பதுதான் இதன் கெட்டிக்காரத்தனம்.

டென்னி லார்சன் என்பவர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2004-ல் கடலூருக்கு வந்தது. ஆனால் வாளியைவிட அந்த ஊர் மக்களின் நோட்டுப் புத்தகத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எந்த ஆலைப் பக்கத்திலிருந்து, என்ன மாதிரி வீச்சம்: அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா? இந்தக் கணக்கு இல்லாவிட்டால் வாளியை எப்போது திறப்பது என்றே தெரியாது.

மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. கழிவுநீர் நிலையங்களில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடை, காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கே மரத்துவிடும். ஆபத்து ஏறும் நேரத்தில் நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும்.

கடலூரில் காற்று நிரப்பிய பைகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. ஐந்து மாதிரிகளில் 22 நச்சு ரசாயனங்கள். அவற்றில் எட்டு, புற்றுநோய் வருவிப்பவை. 2004 செப்டம்பரில் அறிக்கை வெளியானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாற்றத்துக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது 2008-ல்.