உம்மம்மாவின் குடக் கணக்கும் வாஷிங் மெஷினும்



போன கிழமை ஒரு மாணவியின் தாய் கேட்டார்: "சேர், மெஷின் ஒண்டு எடுக்கப் போறம். எது நல்லம்?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நம் ஊர் உடுப்புத் துவைத்த கதையைக் கொஞ்சம் பார்த்தால் பதில் தானாக வரும்.

நம் தண்ணீரின் கதை கந்தளாய்க் குளத்தில் தொடங்குகிறது. அதைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்கிறது சூளவம்சம். குளக்கோட்டன் என்கிறது தமிழ் மரபு. தம்பலகாமத்து வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அந்தக் குளத்துடையது. 1986 ஏப்ரல் 20இல் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. இன்று திருகோணமலைப் பக்கம் குழாயில் வருவதும் கந்தளாயில் சுத்திகரித்த தண்ணீர்தான். வயலும் வீடும் ஒரே குளத்தைப் பங்கு போடுகின்றன.

முன்பு உடுப்பு வாய்க்காலுக்கும் கிணற்றடிக்கும் போனது. வெள்ளைத் துணிக்கு வண்ணார் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்தார்கள். 1938இல் லீவர் கம்பனி கொழும்பில் கால் ஊன்றிய பிறகு சவர்க்காரக் கட்டி வீட்டுக்கு வீடு வந்தது. ஆனால் தண்ணீரை இன்னும் கையால்தான் அள்ளினார்கள். அதனால் உம்மம்மாவிடம் கணக்கு இருந்தது: துவைக்க இத்தனை குடம், அலச இத்தனை குடம். அலசிய தண்ணீர் முருங்கைக்கும் வாழைக்கும் போனது.

குழாய் வந்ததும் அந்தக் கணக்கு போய்விட்டது. மெஷினுக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 1937இல் பென்டிக்ஸ் கம்பனி முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள தானியங்கி மெஷினை விற்பனைக்கு விட்டது. பின்னர் அங்கே மேலே மூடி திறக்கும் மெஷின்தான் வீடுகளில் பரவியது. ஐரோப்பா முன்கதவு மெஷினையே பிடித்துக்கொண்டது. அங்கே மெஷினுக்குள்ளேயே தண்ணீரைச் சூடாக்குவார்கள். தண்ணீர் குறைந்தால் கரண்டும் குறையும். 1990களில் எந்த மெஷின் எவ்வளவு குடிக்கிறது என்று லேபல் ஒட்டுவதை ஐரோப்பா சட்டமாக்கியது. சிங்கப்பூரில் 2011 முதல் வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் லேபல் கட்டாயம்.

மேல்மூடி மெஷினில் துணி தண்ணீருக்குள் மூழ்கிச் சுழலும். முன்கதவு மெஷின் துணியைத் தூக்கித் தூக்கிப் போடும். நம்மவர்கள் கல்லில் அடித்துத் துவைத்த அதே வேலை. அதற்குக் கொஞ்சத் தண்ணீர் போதும். ஏழு கிலோ மெஷினென்றால் முன்கதவுக்குச் சுமார் 50 லீட்டர், மேல்மூடிக்கு 100 லீட்டர் வரை அல்லது அதற்கு மேலும் போகும். இரட்டைத் தொட்டி மெஷினில் கணக்கு நம் கையில்: வெள்ளை துவைத்த சவர்க்காரத் தண்ணீரில் கலர் துணியைப் போட்டால் மிச்சம். ஹோஸைத் திறந்துவிட்டு அலசினால், நிமிடத்துக்கு 10 லீட்டர் வீதம் பத்து நிமிடத்தில் 100 லீட்டர் ஓடிவிடும்.

கரண்டைப் பற்றியும் ஒரு விசயம். 15 லீட்டர் தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்கு மேல் போகும். நம் வெயிலில் சாதாரண உடுப்புக்குச் சுடுநீர் தேவையில்லை. பச்சைத் தண்ணீர் பட்டனைப் போடுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததையும், அதற்குப் பிறகு வந்த பில்லையும் நாம் மறக்கவில்லையே.

"கொஞ்சத் தண்ணியில துவைச்சா பாக் ஆகுமா சேர்?" என்றும் அந்தத் தாய் கேட்டார். நியாயமான கேள்வி. நஜீஸ் பட்ட துணியைத் தனியாகக் கையால் கழுவிவிட்டுப் பிறகு மெஷினில் போடுங்கள். மேலதிகமாக ஒருமுறை அலசும் பட்டனும் இருக்கிறது. மார்க்கச் சட்டத்தை மௌலவிமாரிடம் கேளுங்கள்.

என் பதில் இதுதான்: வசதியிருந்தால், பைப்பில் தண்ணீர் வேகமாக வருமானால், முன்கதவு மெஷின் எடுங்கள். இல்லையென்றால் இரட்டைத் தொட்டி எடுத்து ஹோஸை மூடிப் பழகுங்கள். எதுவானாலும் முழுதாக நிரப்பி, கிழமைக்கு இரண்டு தடவை போட்டால் போதும். கடையில் விலையைக் கேட்கும்போது, ஒரு தடவைக்கு எத்தனை லீட்டர், எத்தனை யூனிட் என்றும் கேளுங்கள்.

உங்கள் வீட்டு உம்மம்மா, மூத்தம்மா ஒரு துவைப்புக்கு எத்தனை குடம் அள்ளினார்கள்? கேட்டுக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல வேண்டும்.