பாணாற்றுப்படைகளில் மனையடிசில்

சங்ககாலத் தமிழர் உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். ஊனும் கள்ளுமே அன்றை உணவு என்பார் ஒரு சாரார். அவை திணைமரபு பற்றி வந்த புலவர் கூற்றே என ஒதுக்குவார் மற்றொரு சாரார். செங்கற்பட்டுப் பகுதிக்கு இவ்வாராய்ச்சியில் தனித்தொடர்பு ஒன்று உண்டு. முல்லைப்பாட்டையும் பட்டினப்பாலையையும் ஆராய்ந்தெழுதிய மறைமலையடிகள் (1876-1950) புலாலுணவை வன்மையாக மறுத்தவர். அவர் பெயர் தாங்கிய மறைமலைநகரோ, பெரும்பாணாற்றுப்படை பாடிய தொண்டை நாட்டில் உள்ளது. அடிகள் கொண்ட அறநெறி வேறு. நூல் தரும் சான்று வேறு. இரண்டையும் கலவாது நோக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அப்பாட்டு 500 அடிகளால் ஆயது. பாணன் காஞ்சிக்குச் செல்லும் வழியில் உண்பவற்றுட் பல இல்லந்தோறும் சமைத்தவை. எயிற்றியர், கடப்பாரையால் நிலத்தைக் கிளறித் திரட்டிய புல்லரிசியை நிலவுரலிற் குற்றி, உவர்க்கிணற்று நீரை உலையேற்றி, உப்புக்கண்டத்தோடு சமைக்கின்றனர். முல்லை நிலத்தார் வரகுச்சோற்றின் மேல் வேங்கைப்பூ நிறத்த அவரைப் புழுக்கை இடுகின்றனர். உழவர் மனையில் வெண்சோற்றுக்கு வீட்டுக்கோழியின் வாட்டு. அந்தணர் மனையில் மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி, பசு வெண்ணெயில் வெதுப்பிய கறியும் மாவடு ஊறுகாயும். இற்றை நாளும் இப்பகுதி வீடுகளில் மாவடு உப்பில் ஊறுகின்றது. மாதுளம் பிஞ்சுக்கறி மட்டும் வழக்கொழிந்தது.

நீர்ப்பெயற்றில் நெல்மா ஊட்டிக் குழியில் வளர்த்த ஆண்பன்றியின் கொழுப்பிறைச்சி கிடைக்கின்றது. அவ்வூரைக் கடல்மல்லை எனக் கருதுவாரும் உளர். விலங்கைப் பன்னாள் அடைத்துக் கொழுக்கவைக்கும் இம்முறை, திணைமரபு ஒன்றே கருதிக் கற்பனையாற் படைக்கத்தக்கதன்று. கண்டார்க்கே இத்துணை நுட்பம் கைவரும். மேலும், நூல் ஊனையும் காயையும் பகைப்பொருள்களாக வைக்கவில்லை. நிலத்துக்கும் மனைக்கும் ஏற்பச் சோற்றின் துணை மாறுகின்றது, சோறு மாறுவதில்லை.

அரண்மனை விருந்துக்கும் மனையடிசிலுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் ஒருவகையிற் புலனாகும். திரையன் அவையில் பல்வகை ஊன்துண்டங்களைச் சமைப்பவன் வாள் பட்ட தழும்புடைய கையினனாகிய ஆடவன். எயினர் குடியிலும் அந்தணர் இல்லத்திலும் அடுபவர் மகளிர். இதனை உணவாராய்ச்சியாளர் போதிய அளவு நோக்கினாரில்லை.

இனிச் சிறுபாணாற்றுப்படை. இதனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், இன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் உள்ள இடைக்கழிநாட்டினர். 269 அடிகள் கொண்ட இப்பாட்டு, திண்டிவனம், மரக்காணம் பகுதியாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. எயிற்பட்டினத்தில் குழல்மீன் சூடு, வேலூரில் புளிச்சோற்றோடு ஆமான் சூடு, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக்கலவை எனப் பாட்டு நடக்கின்றது. கலவை என்ற சொல்லே நண்டு தனித்து வேகவில்லை என்பதைக் காட்டும்.

இவ்விருந்துகளைத் தொகுத்து வியப்போர், இப்பாட்டின் மற்றோர் அடுக்களையை விரைந்து கடந்துவிடுகின்றனர். பரிசில் பெறுமுன் பாணன் இருந்த வீடு அது. கூரை இற்று, சுவர் கறையான் அரித்த அதனுள், ஈன்ற நாய் குட்டிகளுக்குப் பாலின்றிக் குரைக்கின்றது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பர் என நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்கின்றாள்.

உமணர் உப்புவண்டி செல்வதையும் இதே பாட்டுக் காட்டுகின்றது. மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உள. உப்பு விளையும் அக்கரை நாட்டைப் பாடும் பாட்டிலேயே ஒரு வீட்டுக் கீரை உப்பின்றி வெந்தது. வறுமையைப் பொதுப்படக் கூறாது, சட்டியில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டு புலவர் காட்டினார். ‘காய்கறி உணவு’ என நாம் வகுக்கும் தலைப்பின்கீழ் இக்கீரையையும் மாதுளங்கறியையும் ஒருங்கே அடக்குதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் துணிபு. முன்னது விரும்பி ஆக்கிய கறி அன்று. பின்னதோ வெண்ணெயும் மிளகும் உடைய இல்லத்தின் செல்வம். கதவடைத்து உண்ட அவளே வேளைக்கீரையைக் கறி என்று எண்ணியிருக்கமாட்டாள்.