விட்டக் குறி போட்ட வேஷம்

இன்னைக்கு ஒரு சின்னக் குறியோட வரலாறு. வட்டத்து மேல சாய்வா ஒரு கோடு: ⌀. இன்ஜினியரிங் வரைபடத்துல இதுக்கு விட்டம்னு அர்த்தம்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு லேத் பட்டறை அண்ணன். மெக்கானிக்கல் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ஒரு இரும்புத் தகடு தேவைப்பட்டுச்சு. ஆட்டோகேட்ல வரைஞ்ச ஃபைலைக் கொடுத்தேன். திறந்து பார்த்துட்டு, "தம்பி, 'என் 12'னு போட்டிருக்கே. 12 ஓட்டையா, 12 எம்எம் ஓட்டையா?"ன்னு கேட்டார். நான் போட்டது ⌀12. அவர் கம்ப்யூட்டர்ல அந்தக் குறி ஆங்கில 'என்' எழுத்தா மாறியிருந்துச்சு. அவர் கேட்காமலே டிரில்லை ஓட்டியிருந்தா தகடு காயலான் கடைக்குத்தான்.

ஏன் மாறுச்சு? கையால வரைஞ்ச காலத்துல இந்தப் பிரச்சினையே இல்லை. பேனா எதை வேணா எழுதும். கம்ப்யூட்டர் அப்படி இல்லை. 1963-இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 இடம். எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் இருக்கு. ⌀, °, ± மூணுக்கும் இடமில்லை.

1982 டிசம்பர்ல ஆட்டோகேட் விற்பனைக்கு வந்துச்சு. கீபோர்டில் இல்லாத குறியைக் குறிப்புக்குள்ள எப்படிப் போடறது? ரெண்டு சதவீதக் குறி போட்டுப் பக்கத்துல 'சி' தட்டினா விட்டம், 'டி' தட்டினா டிகிரி, 'பி' தட்டினா கூட்டல் கழித்தல். ஆஸ்கியில் அச்சாகும் எழுத்துகள் 126-ஓட முடியுது. ஆட்டோகேடின் பழைய எழுத்துருக்கள் அதுக்கு அடுத்த 127, 128, 129 இடங்களில் டிகிரி, ±, ⌀ மூணையும் குடிவச்சிருந்தன.

கவுன்டர்போர், கவுன்டர்சிங்க், ஆழம்னு குறிகள் அதிகமாச்சு. அதுக்கு ஜிடிடி எழுத்துரு. இதுல 'என்' இருக்க வேண்டிய இடத்துல ⌀ உருவம், 'எக்ஸ்' இடத்துல ஆழக் குறி. 1994-இல் வந்த ரிலீஸ் 13-ல பல வரி எழுத்து வசதி வந்துச்சு. ஒரே குறிப்புக்குள்ள ஒரு எழுத்துக்கு மட்டும் வேற எழுத்துரு போடலாம்.

சிக்கல் இங்கதான். ஃபைலுக்குள்ள இருக்கறது வெறும் 'என்'. எழுத்துரு போட்டுவிட்ட வேஷத்துல அது ⌀ மாதிரி தெரியுது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல வேஷம் கலைஞ்சிடும். பட்டறையில் நடந்தது இதுவே.

யூனிகோட் வந்த பிறகு விட்டத்துக்குன்னே 2300 என்ற எண் கிடைச்சுது. ஆனா ஆட்டோகேட் விட்டத்துக்குப் பயன்படுத்தும் எண் 2205. அது கணிதத்துல வெற்றுக் கணத்தோட குறி! பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆந்த்ரே வெய் நார்வே எழுத்திலிருந்து எடுத்த குறி அது. கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு. ஒண்ணை வச்சு ஃபைல்ல தேடினா மத்தது சிக்காது.

அந்த சதவீதக் குறித் தந்திரம் இன்னைக்கும் வேலை செய்யுது. நிறுத்தினா பழைய வரைபடங்களில் இருக்கற ⌀ எல்லாம் காணாமப் போயிடும்.

அதுக்கப்புறம் நான் ஃபைலோட பிடிஎஃப்பும் சேர்த்துத்தான் அனுப்பறேன். நீங்களும் அனுப்புங்க. எல்லாப் பட்டறையிலும் கேள்வி கேட்கற ஒரு அண்ணன் இருப்பார்னு சொல்ல முடியாது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.