சிரிப்பூட்டும் வாயுவும் மரத்துப்போன கால்களும்



துவாஸில் உள்ள தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர், அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பில் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். பலூனில் வாயுவை நிரப்பி உறிஞ்சிச் சிரிக்கும் இளைஞர்களின் காணொளியை அவருடைய மகன் பார்த்தானாம். "பல் மருத்துவர் கொடுக்கும் வாயுதானே டீச்சர், அதில் என்ன தீங்கு?" என்றார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

நைட்ரஸ் ஆக்சைடை 1772-இல் கண்டறிந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1799-இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்னும் இளைஞர் அதனைத் தாமே முகர்ந்து பார்த்தார். கவிஞர் கோல்ரிட்ஜ் முதலிய நண்பர்களுக்கும் கொடுத்தார். வலியைப் போக்கும் இவ்வாயு அறுவை மருத்துவத்திற்குப் பயன்படலாம் என 1800-இல் தம் நூலில் எழுதியும் வைத்தார். எவரும் செவிசாய்க்கவில்லை! நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது கேளிக்கைப் பொருளாகவே இருந்தது. 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அத்தகைய காட்சியொன்றைக் கண்ட பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், மறுநாளே அவ்வாயுவை முகர்ந்து தம் பல்லைப் பிடுங்கச் செய்தார்.

நரம்புக்கு நேரும் கேடு தெளிவாக வெளிப்பட மேலும் 134 ஆண்டுகள் ஆயின. 1978-இல் லேசர் என்னும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர், கால் மரத்துப்போய் நடை தள்ளாடிய பதினைந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவர்களே. கையருகில் இருந்த வாயுவை இன்பத்திற்காக முகர்ந்து பழகியவர்கள்!

காரணம் இதுதான். இவ்வாயு உடலிலுள்ள வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்கிறது. நரம்பைச் சுற்றியுள்ள உறையைப் பேண அவ்வைட்டமின் இன்றியமையாதது. இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு சரியாகத் தெரிந்தாலும், அது வேலை செய்யாதிருக்கக்கூடும். பல் மருத்துவமனையில் சிறிது நேரம் அளவோடு பெறுவது வேறு. மீண்டும் மீண்டும் உறிஞ்சுவது வேறு. பழக்கத்தை நிறுத்தி பி12 ஊசி போட்டுக்கொண்டால் பலர் தேறுகின்றனர். எல்லாரும் முழுமையாகத் தேறுவதில்லை.

முகர்ந்து மயங்கும் பழக்கம் நம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1980-களில் இங்கு இளையரைப் பற்றிய தொல்லை பசை முகர்தல். பசையிலுள்ள டொலுவீனும் மூளையைக் கெடுப்பதே. அதனைத் தடுக்கவே 1987-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பிரிட்டனோ, கேளிக்கைக்காக நைட்ரஸ் ஆக்சைடு வைத்திருப்பதை 2023 நவம்பரில்தான் குற்றமாக்கியது.

இவற்றை அத்தந்தையிடம் தொலைபேசியில் கூறினேன். பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது, ஏற்கெனவே அது குறைந்தவர்களை இக்கேடு விரைந்து தாக்கும் என்றதும், அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் வீட்டில் சைவம் டீச்சர். அவன் பாலும் குடிக்க மாட்டான்" என்றார்.