யார் பங்கு? யார் பாதை?

தெருவைச் செப்பனிட வேண்டும். செப்பனிடப் பணம் வேண்டும். பணத்தைத் தருவது யார்? ஊர் முழுவதுமா, அந்தத் தெருவில் வாழ்வோர் மட்டுமா? நகர மன்றம் என்று ஒன்று அமைந்த இடமெல்லாம் எழுந்த கேள்வி இது. அமெரிக்க நகரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்குக் கையாண்ட கணக்கு எளிமையானது. சாலை அமைந்தால் அதன் ஓரத்து மனைகளின் மதிப்பு உயரும். உயர்ந்த மதிப்பை அடைகிறவர் செலவில் பங்கு தரட்டும் என்றனர். பயன் பெறுவோன் பணம் தருவது முறைதானே!

முறைதான். ஆனால் பயன் இவ்வளவு என்று அளக்கும் கோல் யார் கையில்?

ஒகையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரை அடுத்து நார்வுட் என்றொரு சிற்றூர். எல்லன் பேக்கர் என்னும் அம்மையாரின் நிலத்தின் ஊடே சாலையை நீட்டிட ஊர் மன்றம் முடிவு செய்தது. நிலத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடு 2,000 டாலர் என நடுவர் குழு வகுத்தது. பிறகு மன்றம் செய்த விந்தையைக் கேளுங்கள். அந்த 2,000 டாலரையும், ஈட்டை முடிவு செய்வதற்கு ஆன வழக்குச் செலவையும் கூட்டி, அம்மையாரிடம் எஞ்சிய நிலத்தின் மீதே வரியாக ஏற்றிவிட்டது! வலக்கை கொடுத்ததை இடக்கை பறித்தது. பறித்த கைக்குக் கூலியும் கேட்டது.

1898-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. மனைக்குக் கிட்டும் தனிப் பயனை மிகவும் மிஞ்சிச் சுமத்தப்படுவது, அந்த மிகுதியளவுக்கு, ஈடின்றி உடைமையைக் கவர்வதே என்று நீதிபதி ஹார்லன் எழுதினார். இரண்டாண்டுகளுக்கு முன், புகைவண்டியில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்ற சட்டம் செல்லும் என அதே மன்றம் தீர்ப்பளித்தபோது, ஏனைய நீதிபதிகளினின்று விலகித் தன்னந்தனியாக நின்று மறுத்தெழுதிய ஹார்லன்தான் இவர்.

நார்வுட் தீர்ப்பின் வலிமை நெடுநாள் நிற்கவில்லை. 1901-ல் கான்சாஸ் நகர வழக்கு வந்தது. தெருவைப் பார்த்த முகப்பு எத்தனை அடியோ அத்தனைக்குரிய பங்கு என்று தார்த்தளச் செலவை மனைக்காரர்மீது பகிர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மனைக்கும் பயன் எவ்வளவு என்று தனித்தனியே ஆராய வேண்டியதில்லை என்றது மன்றம். அடிக்கோல் வென்றது. ஹார்லன் இம்முறையும் மறுத்தார்; இம்முறை அவரோடு இருவர் நின்றனர்.

இவர்கள் யாவரும் நிலம் உடையோர். சாலை வருகிறது, சுமை மிகுதி என்பது அவர்தம் முறையீடு. சாலையே வராத தெருவாரின் குரலைக் கேட்க மிசிசிப்பிக்குப் போக வேண்டும். காலத்திலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து வர வேண்டும்.

பருத்தி விளையும் டெல்டாப் பகுதியில் ஷா என்னும் சிறு நகரம். மக்கள் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களில் 1,500 பேர் கறுப்பர், 1,000 பேர் வெள்ளையர். பெரும்பான்மையினர் கறுப்பரே. ஆயினும் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை மிசிசிப்பியின் கறுப்பரில் மிகப் பலர் வாக்காளர் பட்டியலிலேயே ஏற இயலாதவர்கள். அவ்வூரில் தளமிடாத தெருக்களைப் பார்த்த வீடுகளில் 100-க்கு 98 கறுப்பர் வீடுகள். கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லாத வீடுகளில் 100-க்கு 97 கறுப்பர் வீடுகள். ஒளிமிக்க பாதரச விளக்குகள் வெள்ளையர் தெருக்களுக்கு. கறுப்பர் தெருக்களுக்கு வெறும் குமிழ் விளக்குகள். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துக் கட்டிய நாட்டில் பிறந்த நமக்கு இந்த எண்களுக்கு விளக்கவுரை வேண்டுமா?

ஆண்ட்ரூ ஹாக்கின்சும் அவ்வூர்க் கறுப்பர் சிலரும் வழக்குத் தொடுத்தனர். தெருவார் தர வேண்டிய பங்கு எவ்வளவு என்பதன்று அவர்கள் கேள்வி. ஊர்ப் பணத்தில் எங்கள் தெருவுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

நகர ஆட்சியினர் இல்லையென்று சொல்லவில்லை. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. போக்குவரத்து மிக்க தெருவுக்கு முதலிடம் தந்தோம், அகலம் பார்த்தோம், தேவை பார்த்தோம் என்றார்கள். எவ்வளவு தூய்மையான வாதம்! சேற்றிலே வண்டி வராது. வண்டி வராத தெருவுக்குத் தளம் கிடையாது. தளமில்லாத தெருவிலே சேறு தீராது. வேற்றுமைக்கு நிறத்தைச் சாராத தக்க காரணங்கள் உள்ளன என்று கூறி, 1969-ல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

1971-ல் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் எல்பர்ட் டட்டில். போக்குவரத்து, அகலம் என்னும் காரணங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து உரைத்துப் பார்த்தார். இத்துணை பெரிய வேறுபாட்டை அவை விளக்கவில்லை. ஆட்சியினர் உள்ளத்தில் வஞ்சம் இருந்ததென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, விளைவே போதும் என்றார். உள்ளத்தைத் திறந்து காட்டு என்று கேட்டால் ஏழை எந்தச் சாவியைக் கொண்டு வருவான்! குறைகளைக் களையும் திட்டமொன்றை வகுத்துத் தருமாறு நகருக்கு ஆணை பிறந்தது. 1972-ல் அம்மன்றத்தின் முழு ஆயமும் தீர்ப்பை உறுதி செய்தது.

நான்காண்டுகள் கழிந்தன. தலைநகர் வாஷிங்டனில் காவலர் வேலைக்கான தேர்வு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நிறவேற்றுமை நோக்கத்தைக் காட்டியே ஆக வேண்டும், விளைவு மட்டும் போதாது என்று 1976-ல் அம்மன்றம் முடிவு கூறியது. நோக்கம் தேவையில்லை என்று கருதிய அளவுக்குத் தான் உடன்படாத தீர்ப்புகள் எவையெவை என அடிக்குறிப்பொன்றில் வரிசைப்படுத்தியது. அந்த வரிசையில் ஷா நகரின் பெயரும் இருந்தது.