மாதம் 5 ரூபாய்: எஸ்டேட் பெண்களும் பிள்ளைக் கணக்கும்

1971-ல் நீலகிரியின் மூன்று தேயிலை எஸ்டேட்களில் ஒரு புதுக் கணக்கு தொடங்கினார்கள். பெண் தொழிலாளி கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் 5 ரூபாய் வரவு. மூன்றாவது பிள்ளை பிறந்தால் சேர்ந்ததில் ஒரு பகுதி போய்விடும். அடுத்தடுத்துப் பிறந்தால் இன்னும் அதிகம் போகும். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகுதான் பணம் கைக்கு வரும்.

நடத்தியது குன்னூரில் இருக்கும் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி. யோசனை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரொனால்ட் ரிட்கருடையது.

முதலாளி எதற்குக் காசு கொடுக்கணும்? ஒரு காலத்தில் லைன் வீட்டில் பிறக்கிற பிள்ளை என்றால் நாளைக்குக் கொழுந்து பறிக்கும் கை. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்தக் கணக்கை மாற்றியது. வீடு, மருத்துவம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம், எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு ஆனது. 1961-ல் மகப்பேறு உதவிச் சட்டமும் வந்தது. பிள்ளை இப்போது செலவுப் பக்கத்துக்கு வந்துவிட்டது. மிச்சமாகும் செலவில் ஒரு பங்கைத் தாய்க்குக் கொடுப்போம் என்பதுதான் திட்டம்.

சரி, பலித்ததா? அந்த எஸ்டேட்களில் பிறப்பு குறையத்தான் செய்தது. ஆனால் 5 ரூபாய்க்கே முழுப் பெருமையையும் கொடுக்க முடியாது. அதே சமயத்தில் உபாசியின் டாக்டர் வி. ஐ. சாக்கோ தாய்-சேய் நலத் திட்டம் ஒன்றை நடத்தினார். லைன் வீடுகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போக வைத்தார்கள். பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் ஆறு பெறத் தேவையில்லையே! தமிழ்நாடு முழுக்கவே ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.9 பிள்ளைகள் என்று 1971-ல் இருந்தது, 2015-16-ல் 1.7 ஆனது. மற்ற ஊர்களில் யாரும் மாதாமாதம் 5 ரூபாய் போடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. வருஷத்துக்கு 60 ரூபாய், 20 வருஷத்துக்கு வட்டி போக 1,200. விலைவாசி அதைத் தின்றுகொண்டே இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவளால் அதை எடுக்க முடியாது. அபராதமும் அவளுக்கு மட்டும்தான். புருஷன் பெயர் அந்தக் கணக்கிலேயே கிடையாது.

2001-ல் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். பிறப்பு குறைந்தது மட்டும் காரணமில்லை, வேலை தேடி இளைஞர்கள் சமவெளிக்கு இறங்கியதும் சேர்த்துத்தான். இன்று ஓவேலி மாதிரியான எஸ்டேட் ஊர்கள் நிறைந்த இந்த மலையில், கொழுந்து பறிக்க ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் கூட்டி வருகிறார்கள். கூலியும் வீடும் நன்றாக இருந்திருந்தால் இங்கே பிறந்தவர்களில் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள் என்ற கணக்கை மட்டும் அன்று யாரும் போடவில்லை.