மானசகங்கோத்ரியும் இருவகை வடிகட்டிகளும்

மைசூரு மானசகங்கோத்ரியில் பேச்சோடு தொடர்புடைய இரு நடுவண் அரசு நிறுவனங்கள் உள்ளன. அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965இல் தொடங்கப்பெற்றது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல். எண்முறை வடிகட்டிகளின் வரலாறும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் திரண்டது. கூலி, டூக்கி இருவரின் விரைவு ஃபூரியே கணிப்புமுறை 1965இல் வெளியாயிற்று. பார்க்ஸ், மெக்லெலன் இருவரின் வடிவமைப்பு முறை 1972இல் வந்தது. 1930இல் பட்டர்வொர்த் மின்சுற்றுக்காக வகுத்த வடிகட்டியோ எண்முறை வடிவம் பெற்று இன்றும் நிரல்களில் வாழ்கிறது.

பார்க்ஸ்–மெக்லெலன் வழியில் அமையும் நேரியல் கட்ட வடிகட்டி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதப்படுத்தும். அதனால் அலையின் வடிவம் சிதைவதில்லை. ஆனால் கெழுக்கள் மிகுதி. நொடிக்கு 16,000 மாதிரிகள் உள்ள பதிவில் 401 கெழுக்கள் கொண்ட வடிகட்டி 12.5 மில்லி நொடி பின்தங்கும். பட்டர்வொர்த் வகைக்குச் சில கெழுக்களே போதும். அதன் தாமதமோ அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும்.

செவித்துணைக் கருவி காத்திருக்க இயலாது. தாமதம் 10 மில்லி நொடியைத் தாண்டினால் அணிந்தவருக்குத் தம் குரலே உறுத்தத் தொடங்கும். பதிவை வைத்து ஆராயும் மொழியியலாளருக்கு அந்த அவசரம் இல்லை. ஆகவே அவர்கள் பட்டர்வொர்த் வடிகட்டியை முன்னும் பின்னுமாக இருமுறை செலுத்தித் தாமதத்தை முற்றிலும் நீக்கிவிடுகின்றனர். இது தூய்மையான வழி என்றே பலரும் கருதுகின்றனர். தமிழைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதில் ஏற்க இயலாது.

பாவச் செயலைக் குறிக்கும் ‘பாவம்’, நடனத்தில் முகம் காட்டும் ‘பாவம்’ இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. முதலது ஒலிப்பிலா ஒலியுடனும், பின்னது பலர் நாவில் ஒலிப்புடை ஒலியுடனும் தொடங்கும். ஒலிப்புடை ஒலியில் இதழ் திறக்குமுன்னரே குரல்வளை அதிர்வு மெல்லிய தாழ் அலையாகப் பதிவாகும். 300 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றை நீக்கும் தொலைபேசி அலைவரிசையில் அவ்வலை பெரும்பாலும் மறைந்து, இரு சொற்களும் நெருங்கிவிடும்.

மறுதலையான பிழையும் உண்டு. தாழ் அலையை மட்டும் பிரித்தெடுக்கக் கூர்மையான வடிகட்டியை இருதிசையிலும் செலுத்தினால், வெடிப்பின் எதிரலை வெடிப்புக்கு முன்னும் பரவும். மௌனமாக இருக்கவேண்டிய இடத்தில் தோன்றும் அச்சிற்றலையை ஒலிப்பு என எண்ணிவிட இடமுண்டு. இலத்தீன் எழுத்தில் ப, ப⁠ஃ⁠ போன்ற குறிகள் தேவையின்றியே எழுத்தே வேறுபாட்டைக் காட்டி எச்சரிக்கும். தமிழில் அந்தத் துணை இல்லை.

வெடிப்புக்கு முன்னர் ஒலிப்பு உண்டா என்பதே வினாவாயின், ஒருதிசையில் மட்டும் செல்லும் தாழ்படி பட்டர்வொர்த் வடிகட்டியே பாதுகாப்பானது. அதன் எதிரலை வெடிப்புக்குப் பின்னரே விழும். செவித்துணைக் கருவிக்கு வேறு காரணத்தால் உகந்ததும் இவ்வகைக் குறுந்தாமத வடிகட்டியே. உயிரொலிகளின் கால அளவை ஒப்பிடுவோர் நேரியல் கட்ட வடிகட்டியை எடுத்து, அறிந்த தாமதத்தைக் கழித்துக்கொள்ளலாம். எதைக் கையாண்டாலும், வடிகட்டியின் வகை, படி, வெட்டு அதிர்வெண், செலுத்திய திசை ஆகிய நான்கையும் ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். ‘வடிகட்டப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு பிறர் அவ்வளவீட்டைச் சரிபார்க்க முடியாது.